ரெண்டாம் ராக்காயி

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ராக்காயி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் கல்லும் சரளையுமாகக் கிடந்த துண்டு நிலத்தில் போஞ்சிக்கொடி ஏற்றினாள். கங்காணி வீட்டுப் பெண்களைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காதிருந்த பிள்ளைக்காம்பரா ஆயம்மா வேலையை, ஆபீசில் ஒருவரைக்கூடத் தெரியாமல் வாங்கினாள். தேயிலைக் கொழுந்து எடுத்த காலம் முழுக்க ஒருநாள்கூட அவளுக்கு அரைப்பேர் விழுந்ததில்லை. தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலை. கொழுந்து நிறுவையில் றாத்தல் குறைந்தால் கணக்கப்பிள்ளை பாதிப் பேர்தான் போடுவார். காய்ச்சலிலும், அட்டைக்கடியிலும், ஆனி மாத மழையிலும் ராக்காயிக்கு முழுப் பேர்தான்.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே, பெரியகல்லுத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதையெல்லாம் சொல்வார்கள். சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டிய தலையெழுத்து அவளுடைய அக்கா சண்முகவடிவுக்கு.

சண்முகவடிவும் பெருமைப்படாமல் இல்லை. வெளியாள் யாராவது ராக்காயியைக் குறைத்துப் பேசினால் அவளே முந்திக்கொண்டு சண்டைக்குப் போவாள். ஆனால் புகழ்ந்து பேசினால் நெஞ்சுக்குள் மிளகாய் வறுபடும். "ஆமா, எந்தங்கச்சிதான்" என்று சொல்லிவிட்டு, பேச்சு அடுத்த ஆளுக்குப் போகும்வரை வெற்றிலையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அழகனுக்குப் பிறந்த இரண்டு பெண்களில் மூத்தவள் அவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். சண்முகவடிவு என்ற ஏழெழுத்துப் பேரை, முன்னால் அப்பா பேருக்கு ஒரு 'அ' வைத்து, புள்ளி தவறாமல் எழுதுவாள். அம்மா படுத்த படுக்கையானபோது, பக்கத்தில் இருந்து பார்க்க ஓராள் வேண்டும் என்று இளையவளை வீட்டில் நிறுத்தினார்கள். அதனால் ராக்காயிக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போயிற்று. சுதந்திரம் வந்த 1948ஆம் வருசம் ராக்காயியைப் பெரிய ஆள் கணக்கில் பதிய ஆபீசுக்குப் போனார்கள். எழுத்துத் தெரிந்தவள் கூட இருந்தால் நல்லது என்று அப்பா சண்முகவடிவையும் அழைத்துப் போனார்.

கிளாக்கர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பணியக்கணக்கில ஏற்கெனவே ஒரு ராக்காயி இருக்கு. இவள் ரெண்டு" என்றார். ராக்காயி என்று எழுதிப் பக்கத்தில் 2 என்று போட்டார். பணியக்கணக்கு என்பது ஆற்றோரத்தில் இருந்த கீழ்ப்பகுதி. அங்கே காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களமும் வேறு, கணக்கப்பிள்ளையும் வேறு. அப்பாவுக்குக் காது மந்தம். ராக்காயி வாசலுக்கு வெளியே நின்றாள். ஆகவே அந்த ரெண்டு எதற்கு என்பதைக் கேட்டவள் சண்முகவடிவு ஒருத்திதான். பெரிய விசயமாக அப்போது தோன்றாததால் வீட்டில் சொல்லவும் இல்லை. மறுநாளிலிருந்து இவர்களுடைய மேற்பகுதியான மேக்கணக்குப் பெரட்டில் கணக்கப்பிள்ளை "ரெண்டாம் ராக்காயி" என்று கூப்பிட, அவளும் "இருக்கேங்க" என்று சொல்லிக் கூடையைத் தூக்கினாள்.

இருவருக்கும் அதே தோட்டத்தில் கல்யாணம் ஆயிற்று. சண்முகவடிவின் புருசன் முத்துலிங்கத்துக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. ராக்காயியின் புருசன் சிவசாமி தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், வாய் திறக்காத ஆள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவாகக் கிடைத்தது. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். தங்கச்சி எழுந்துவிட்டாள், அடுப்பு பற்றிவிட்டது, குடத்தைத் தூக்கிவிட்டாள் என்று, கம்பளிக்குள் கண்ணை மூடிக்கொண்டே சண்முகவடிவு விடியற்காலையில் தெரிந்துகொள்வாள். தெரிந்துகொள்ளாமல் இருக்கலாம் என்றாலும் காது சும்மா இருக்காது.

எதையும் தொடங்குவதில் சண்முகவடிவை மிஞ்ச ஆள் கிடையாது. தைப்பொங்கலன்று வெற்றிலையை விடுவாள். சித்திரை ஒன்றாம் தேதி முதல் விடியுமுன் எழுந்து குளிப்பதாகச் சொல்லுவாள். கார்த்திகையில் கைப்பிடி அரிசிப் பானை வைப்பாள். ஒவ்வொன்றையும் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்படி சாமி கும்பிட்டு, கற்பூரம் காட்டித்தான் தொடங்குவாள். தொடங்கிய கையோடு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடவேண்டும் என்ற வேகம் வரும். கொல்லைத் துண்டைத் திருத்தவேண்டும் என்று அவளுக்கும் ஒரு காலத்தில் தோன்றிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முத்துலிங்கத்தையும் அவன் கூட்டாளிகளையும் மண்வெட்டியோடு இறக்கி, கறியும் சோறும் போட்டு, பொழுது சாய்வதற்குள் பாத்தி கட்டினாள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அடுத்த மாதம் அந்தப் பாத்தியில் முழங்கால் உயரம் புல் நின்றது.

ராக்காயி அப்படி ஒன்றும் செய்யவில்லை. கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போட்டுவிட்டு வருவாள். அவ்வளவுதான். கொல்லைக்குப் போகாத மனிதர் உண்டா? மழையோ வெயிலோ, கோபமோ சந்தோசமோ, போய்த்தான் ஆகவேண்டும். போனால் ஒரு கல். ஓரத்தில் ஒரு குட்டிச்சுவரே எழுந்த பிறகுதான், உள்ளே கல் தீர்ந்து மண் வந்திருப்பது லயத்தாருக்குத் தெரிந்தது. அந்த மண்ணில்தான் போஞ்சி ஏறியது.

ராக்காயி கொடுத்தனுப்பிய போஞ்சிக்கறியை முத்துலிங்கம் வழித்து வழித்துச் சாப்பிட்டான்.

"பிஞ்சாப் பாத்துப் பறிச்சிருக்கு" என்றான்.

"ஏன், நம்ம பாத்தியில வெளஞ்சது கசந்துச்சா?"

"நம்ம பாத்தியில என்ன வெளஞ்சுச்சு? சிவசாமி மாட்டுக்குப் புல்லுதான் வெளஞ்சுச்சு. அதுவும் நல்ல புல்லுதான், கொற சொல்லக்கூடாது."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. சிவசாமியாகத்தான் இருக்கவேண்டும். அன்றைக்குச் சண்முகவடிவு சாப்பிடவில்லை.

எழுத்துப் படித்த கதைக்கு வருவோம். அதையும் தொடங்கி வைத்தவள் சண்முகவடிவுதான், இதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். ஒரு விஜயதசமியன்று புதுச் சிலேட்டு, வெற்றிலை பாக்கு, அவல் கடலையோடு தங்கச்சியை உட்காரவைத்து 'அ' எழுதிக் காட்டினாள். ராக்காயிக்குச் சுழி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பது பிடிபடவில்லை. திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டாள். அகப்பைக் காம்பால் விரல் முட்டியில் ஓர் அடி விழுந்தது. லயத்துப் பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சண்முகவடிவுக்கு வேறு வேலை வந்தது. அதற்கு மறுநாள் சிலேட்டு சோற்றுச்சட்டிக்கு மூடியாயிற்று. சரியான அளவில் இருந்ததால் பிறகு அதை எடுக்கவே மனம் வரவில்லை.

ராக்காயி அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பீலிக்கரையில் ஒரு வேலை தொடங்கினாள். லயத்துக்கெல்லாம் ஒரே பீலி. மலையிலிருந்து மூங்கிலில் விழும் தண்ணீரில் குடம் நிறையும்வரை சும்மாதான் நிற்கவேண்டும். பெண்கள் அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள். ராக்காயி துவைக்கிற கல்லில் ஈரவிரலால் ஓர் எழுத்து எழுதுவாள். அது காய்ந்து மறையும். மறுபடி அதையே எழுதுவாள். குடம் நிறைந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், எழுத்து பாதியில் நின்றாலும் சரி. மழைக்காலத்தில் கல் காயாது. அப்போது பித்தளைக் குடத்தின் கழுத்தில் படிந்திருக்கும் பனியில் எழுதுவாள். மாசி பங்குனி வறட்சியில் பீலி நூலாக இளைத்துவிடும். மற்றவர்கள் வானத்தைத் திட்டுவார்கள். ராக்காயிக்கு அதுதான் பெரிய எழுத்துகளுக்கான காலம்.

"இப்பிடி ஒத்த ஒத்த எழுத்தாப் படிச்சு நீ எப்ப கரையேறப்போற?" என்று சண்முகவடிவு ஒருநாள் கேட்டாள்.

"கரையேறவாக்கா எழுதுறேன்? கொடம் நெறையிற மட்டும் சும்மாதான நிக்கிறோம்."

எழுத்துகளை எங்கிருந்து பிடிக்கிறாள் என்பது சண்முகவடிவுக்கு வட்டகொடைக் கடைத்தெருவில் தெரியவந்தது. மஃறூப் நானாவின் கடையில் இருவரும் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் கட்டிக்கொண்டே நானா, "எழுத்து எந்த மட்டில இருக்கு தங்கச்சி?" என்று ராக்காயியைக் கேட்டார்.

"றூ வந்திருச்சு நானா. ஃ எப்பவோ வந்திருச்சு."

நானா சண்முகவடிவைப் பார்த்துச் சிரித்தார். "ஒவ்வொரு தரமும் என்ட கடைப்பலகையில ஒரெழுத்தக் காட்டி, இது என்னன்னு கேட்டுட்டுத்தான் போவும். உலகத்தில எல்லாரும் ஆனாவில தொடங்குவாங்க. உங்கட தங்கச்சி ஆயுத எழுத்தில தொடங்கியிருக்கு. கடைசியப் புடிச்சா மத்ததெல்லாம் தானா வரும்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க போல."

"வீட்டுல ஒரு ஆள் இருக்கேன், எங்கிட்ட கேக்கலாம்ல?" என்று திரும்பி வரும் வழியில் சண்முகவடிவு கேட்டாள்.

"நீ அகப்பைய எடுப்ப" என்றாள் ராக்காயி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அரிசித் துண்டு என்று தோட்டத்தில் கொடுக்கும் சீட்டில் அவளுடைய பேர் எழுதியிருக்கும். அதைப் பார்த்து ராக்காயி தன் பேரையும் கல்லில் எழுதத் தொடங்கினாள். ஒருநாள் துணி துவைக்கப்போன சண்முகவடிவு அதைப் பார்த்தாள். 'ராக்காயி 2' என்று இருந்தது. ரெண்டையும் சேர்த்தே எழுதியிருந்தாள். கிளாக்கர் போட்ட அடையாள நம்பரைத் தன் பேரின் வால் என்று நினைத்திருக்கிறாள் போல. சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்தது. சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் குடம் வைத்திருந்த சண்முகத்தாய் என்பவள், "உங்க தங்கச்சி கையெழுத்தப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி" என்றாள். சண்முகவடிவு வாயை மூடிக்கொண்டு, அந்த எழுத்தின் மேலேயே ஈரத்துணியைப் போட்டு அடித்துத் துவைத்தாள்.

அப்படியே சில வருசங்கள் ஓடின.

1961 தைப்பொங்கல் முடிந்ததும் பிள்ளைக்காம்பரா ஆயம்மா வீரம்மா, மகனோடு இந்தியாவுக்குக் கப்பலேறப் போனாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அறைதான் பிள்ளைக்காம்பரா. ஆயம்மா என்றால் மழையில் நனையவேண்டாம், அட்டைக்கடி கிடையாது, கூடை சுமக்கவேண்டாம். டாக்டர் ஐயாவே பேர் சொல்லிக் கூப்பிடுவார். சண்முகவடிவு அந்த வேலையை நீண்டநாளாகவே மனதில் வைத்திருந்தாள். அவளுடைய கடைசி மகள் லெட்சுமி, நடக்கப் பழகியவள், அங்கேதான் இருந்தாள். தினமும் காலையில் பால்மா டின்னை வாங்கிக் கையெழுத்துப் போடவேண்டும். மேக்கணக்கில் பள்ளிக்கூடம் போய்க் கையெழுத்துப் படித்த பெண் இனி அவள் ஒருத்திதான். கேட்க வேண்டியதுகூட இல்லை, கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்றுதான் இருந்தாள்.

ஆனால் தாய்மார் சிலர் டாக்டர் ஐயாவிடம் போய், ராக்காயியைப் போட்டால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஐயா நியாயம் பார்க்கிற மனிதர். ஆளுக்கு அரை மாதம் பார்க்கட்டும், பிறகு சொல்கிறேன் என்றார்.

முதல் முறை சண்முகவடிவுக்கு. பிள்ளைக்காம்பராவை அவள் கல்யாண வீடாக்கினாள். சுண்ணாம்பு அடித்தாள். பழைய சேலைகளைத் துவைத்து, எல்லாத் தொட்டிலும் ஒரே உயரத்தில் நிற்கும்படி முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு விரல்கடை இறங்கினாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள். கலர்க்காகிதத் தோரணம் தொங்கியது. டாக்டர் ஐயா வந்து பார்த்து, "பிள்ளைக்காம்பராவா, கோயிலா?" என்றார். அந்த வாரம் முழுக்க சண்முகவடிவின் கால் தரையில் படவில்லை.

அடுத்த வாரம் அடுப்பு பற்றவைக்க நேரமாயிற்று. வறட்சிக்காலம். தண்ணீர் குறைவு. கொதிக்கவைத்த தண்ணீர் தீர்ந்தபோது, ஒருதரம்தானே என்று பச்சைத் தண்ணீரில் பாலைக் கரைத்தாள். பிள்ளைகள் சிலருக்கு வயிற்றோட்டம் கண்டது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, டாக்டர் ஐயாவும் கடிந்து பேசவில்லை. தோரணத்தை மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு ராக்காயியின் முறை வந்தது. அவள் எதையும் மாற்றவில்லை, தோரணத்தைக்கூட அவிழ்க்கவில்லை. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும், அடியில் ஆணியால் துளைத்த ஒரு டின்னும் வைத்தாள். தாய்மார் காலையில் பிள்ளையைக் கொடுக்க வரும்போதும், நடுவில் பால்கொடுக்க வரும்போதும் கொழுந்துக் கூடையை அந்த இடத்தில்தான் இறக்கிவைப்பார்கள்.

"கூடைய எறக்குனா கை நனையணும். தாய்க்கும் பிள்ளைக்கும்" என்றாள் ராக்காயி.

"எங்க கை கொழுந்து பட்ட கைதான, அழுக்கா என்ன?" என்றாள் ஒருத்தி.

"கொழுந்துதான் கை அழுக்காகுதுன்னு அழுவுதாம். நனைங்க."

சிரித்துக்கொண்டு நனைத்தார்கள். அடுத்தநாளும் நனைத்தார்கள். கூடை இறங்காத நாள் இல்லை என்பதால் கை நனையாத நாளும் இல்லாமல் போயிற்று. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. வயிற்றோட்டம் நின்றது.

லெட்சுமியைக் காலையில் ராக்காயியே தூக்கிப்போய்விடுவதால் இதெல்லாம் சண்முகவடிவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவளுக்கு விருப்பமில்லை. ஒருநாள் சாயங்காலம் மலையிலிருந்து வந்து, வீட்டு வாசலில் கூடையை இறக்கிவைத்தாள். தத்தித் தத்தி வந்த லெட்சுமி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். தூக்கச் சொல்கிறாளாக்கும் என்று சண்முகவடிவு குனிந்தாள். பிள்ளை பின்வாங்கியது. கையை நீட்டியபடி கூடையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது.

முத்துலிங்கம் உள்ளேயிருந்து, "தண்ணி ஊத்து. அது கை கழுவணுமாம்" என்றான்.

"எனக்குத் தெரியும்."

"தெரியாமத்தான நின்ன?"

செம்பை எடுத்து வந்து மகள் கையில் தண்ணீர் ஊற்றினாள் சண்முகவடிவு. அவளுக்கு அழுகை வந்தது. போஞ்சி போனால் போகட்டும், மஃறூப் நானா பேச்சும் போகட்டும். பெற்ற பிள்ளையின் கையைக்கூட அவள் பழக்கிவிட்டாளே என்றிருந்தது. அதுவும் இத்தனை கொஞ்ச நாளில், ஓர் அடிகூட அடிக்காமல்.

அந்தக் கிழமையே டாக்டர் ஐயா ராக்காயிக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார். பெரிய கிளாக்கர் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "கைநாட்டுக்காரிக்கு இந்த வேலை குடுக்க ஏலாது டாக்டர். தினம் பால்மாவுக்குக் கையெழுத்து வேணும். திங்கட்கிழமை காலமை ஆபீசுக்கு வந்து என்ர முன்னால கையெழுத்துப் போடட்டும். போட்டால் சரி. இல்லையெண்டால் தமக்கைக்குத்தான்."

செய்தி லயத்துக்கு வந்தபோது எல்லோரும் ராக்காயியைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சண்முகவடிவுக்கு மட்டும் உடம்பில் புது இரத்தம் ஓடிற்று. ராக்காயி கையெழுத்துப் போடுவாள். 'ராக்காயி 2' என்று போடுவாள். நம்பரையும் சேர்த்துப் பேரெழுதுகிற ஆளை ஆபீசில் என்னவென்று நினைப்பார்கள்? கிளாக்கர் சிரிப்பார். ஆபீஸ் பையன்கள் சிரிப்பார்கள். எழுதத் தெரியாது, பார்த்துக் கீறத்தான் தெரியும் என்று அனுப்பிவிடுவார்கள். சண்முகவடிவு எதையும் செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன்னுடைய நல்ல சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும், "நானும் கூட வரேன்" என்றாள்.

"வாக்கா. எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றாள் ராக்காயி.

ஆபீசுக்குப் போகிற நாளிலும் அவள் குடத்தை எடுத்துக்கொண்டுதான் புறப்பட்டாள். பீலியில் குடத்தை வைத்தாள். தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. பெரட்டு நேரமாதலால் பீலிக்கரையில் வேறு யாரும் இல்லை. ராக்காயி வழக்கம்போல விரலை நனைத்து எழுதினாள். ராக்காயி 2. எழுதிவிட்டு நிமிர்ந்து, "சரியா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

இத்தனை வருசத்தில் அவள் அக்காவிடம் எழுத்தைக் காட்டிக் கேட்டது அன்றைக்குத்தான்.

சண்முகவடிவு கல்லைப் பார்த்தாள். நல்ல எழுத்து. ரெண்டுகூட வளைவு மாறாமல் இருந்தது.

"அந்த ரெண்டு எதுக்குப் போடுற?"

"எம்பேருல இருக்கே."

"பேருல எங்கடி ரெண்டு வரும்? எந்த ஊர்ல கேள்விப்பட்ட?"

ராக்காயி அக்காவை ஆச்சரியமாகப் பார்த்தாள். "வீட்டுல நீ மூத்தவ, நீ ஒண்ணு. நான் எளையவ, ரெண்டு. அதனாலதான ரெண்டாம் ராக்காயின்னு கூப்புடுறாங்க? ஒண்ணாம் ஆளுக்கு நம்பர் தேவையில்ல, அதான் ஒன் துண்டுல இல்ல. அப்பிடித்தான நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

சண்முகவடிவு அந்த ரெண்டைத் திரும்பப் பார்த்தாள். ஒவ்வொரு காலையும் பெரட்டில் தங்கச்சியை ரெண்டாம் ராக்காயி என்று கூப்பிடும்போதெல்லாம், அவள் அக்காவை ஒன்று என்று எண்ணிக்கொண்டுதான் "இருக்கேங்க" என்றிருக்கிறாள். இந்த இடத்தைத்தானே சண்முகவடிவு இத்தனை காலமும் லயம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டால் ஆயம்மா வேலையும் கிடைக்கும், ஒன்று என்ற இந்த இடமும் கையைவிட்டுப் போகாது.

ஆனால் போகும். ஆபீசில் கிளாக்கர் சொல்லுவார், பணியக்கணக்கில் ஒரு பல் போன கிழவிதான் ஒண்ணாம் ராக்காயி என்று. அதைக் கேட்டு ஆபீஸ் பையன்கள் சிரிப்பார்கள். அழகன் மகள் என்று பேர் சொல்லித்தான் சிரிப்பார்கள். தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தால் அந்தச் சிரிப்பு பாதி அக்கா மேலும் விழும். முழுசும் விழுந்தாலும், அவளைப் பார்த்துச் சிரிக்க அவர்கள் யார்?

"அது நம்ம வீட்டுக் கணக்கு இல்ல" என்றாள். "பணியக்கணக்குல இன்னொரு ராக்காயி இருக்கு. ஆள் மாறிப்போகாம இருக்க கிளாக்கர் போட்ட நம்பர். நான்தான் அப்ப கூட இருந்தேன்."

ராக்காயி கல்லைப் பார்த்தாள். ரெண்டு மட்டும் கடைசியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப எம்பேரு இன்னொரு ஆளோடதா?"

"ஒன்னோடதுதான். முன்னால அப்பா பேருக்கு ஒரெழுத்துப் போடு. நான் போடுறேன்ல, அது மாதிரி. பின்னாடி நம்பர் வேணாம்."

"என்ன எழுத்து?"

"ஆனா."

ராக்காயி விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அது எனக்கு வராதுக்கா. அன்னைக்கு அடிச்சதோட சரி. அத மட்டும் நான் தொட்டதேயில்ல."

எல்லா எழுத்தையும் பிடித்தவள், அகர முதல் எழுத்தை மட்டும் விட்டு வைத்திருந்தாள். சண்முகவடிவு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லண்டை குந்தினாள். நல்ல சேலை நனைந்தது. விரலை நனைத்து, சுழியைத் தொடங்கி, வளைத்து, கோடு இழுத்துக் காட்டினாள். அது காய்வதற்குள் ராக்காயி பக்கத்தில் ஒன்று போட்டாள். சுழி மறுபடி பின்பக்கம் திரும்பிற்று. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்முகவடிவு கையைத் தூக்கவில்லை.

"குடம் நெறையலேல்ல?" என்றாள். "எழுது."

அன்றைக்கு வறட்சி நல்லதாயிற்று. பீலி அவசரப்படவில்லை. கல்லில் ஒரு 'அ' காய, ஒரு 'அ' முளைத்தது. குடம் தளும்பி வழிந்தபோது ராக்காயி எழுதிய 'அ' அக்கா எழுதியதைவிட உருண்டையாக இருந்தது. சண்முகவடிவு அதைக் கவனித்தாள். அதைச் சொல்லவில்லை.

ஆபீசில் பெரிய கிளாக்கர் ஐயா பால்மாப் புத்தகத்தைத் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார். ராக்காயிக்குக் கல்லும் குடமும்தான் பழக்கம், பேனா புதிது. விரலைப் பிடிப்பதுபோலவே பிடித்தாள். வெளியே யன்னலோரம் நின்ற சண்முகவடிவுக்குத் தங்கச்சியின் முழங்கை அசைவது மட்டும் தெரிந்தது. சுழியில் ஒருகணம் நின்றது. பிறகு போயிற்று.

கிளாக்கர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "செக்ரோல் புத்தகத்தில ராக்காயி ரெண்டு எண்டெல்லோ இருக்கு. இது என்ன 'அ'?"

"அப்பா பேருங்கய்யா. அழகன். எங்கக்காவும் அப்பிடித்தான் போடும்."

கிளாக்கர் மை உறிஞ்சும் தாளை அதன்மேல் வைத்து அமுக்கினார். "நாளையில இருந்து டின் உன்னட்டத்தான் வரும்" என்றார்.

வெளியே வந்த ராக்காயி, "சுழி சரியா வந்துச்சுக்கா" என்றாள்.

"பாத்தேன்" என்றாள் சண்முகவடிவு. அவள் பார்த்தது முழங்கையைத்தான். இருவரும் குடத்தைப் பீலியில் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். பாதி வழியில் சண்முகவடிவு, "குடு, நான் கொஞ்ச தூரம் தூக்குறேன்" என்று வாங்கிக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சல் தீர்ந்துவிட்டதா என்றால், தீரவில்லை. லயத்தில் இன்றைக்கு எல்லோரும் தங்கச்சியைத்தான் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் குடத்தைச் சுமந்தாள்.

அன்று காலையில் பெரட்டுக்களத்தில் "ரெண்டாம் ராக்காயி" என்று கணக்கப்பிள்ளை கூப்பிட்டபோது பதில் சொல்ல ஆள் இல்லை. வேலைக்கு வந்த காலத்திலிருந்து அவளுக்குப் பேர் விழாத முதல் நாள் அது. அவள் பேரை அவளே போட்ட முதல் நாளும் அதுதான்: 1961 மார்ச் 6, திங்கட்கிழமை.